ஏழாவது முறை வந்து சேர்ந்த வண்டி! - போர்முனையில் ஆளில்லாத் தரை வாகனங்கள்

33 நாள்கள்! உக்ரைன் படைவீரர் ஒருவர் காயத்தோடு எதிரிப் படையின் பிடியில் இருந்த பகுதிக்குள் சிக்கிக்கிடந்தார். அவரை மீட்க ஆறு முறை முயன்றும் முடியவில்லை. ஏழாவது முறை போனது ஒரு வண்டி. அதில் ஓட்டுநர் இல்லை, மருத்துவர் இல்லை, துணைக்கு ஒரு வீரர்கூட இல்லை. 'மௌல்' என்பது அந்த வண்டியின் பெயர். நடுவில் இரும்புத் தகடு போர்த்திய ஒரு கூடு. ஓர் ஆள் படுத்துக்கொள்ள மட்டும்தான் அதில் இடம்.

உக்ரைன் ராணுவத்தின் 1-வது தனி மருத்துவ பட்டாலியன் 2025 நவம்பரில் வெளியிட்ட தகவல் இது. போக வர 64 கிலோமீட்டர். எடுத்துக்கொண்ட நேரம் ஏறக்குறைய ஆறு மணி. வழியில் கண்ணிவெடியில் சிக்கி ஒரு சக்கரம் சேதமானது. அப்படியும் வண்டி நிற்கவில்லை. காயம்பட்டவர் தானே அந்தக் கூட்டுக்குள் ஏறிப் படுத்து மூடியைச் சாத்திக்கொள்ள, வண்டி திரும்பியது. வரும் வழியில் ட்ரோன் தாக்குதலையும் அந்த இரும்புக் கூடு தாங்கியது.

படிக்க சினிமா மாதிரி இருக்கிறது. ஆனால், அந்தக் கூட்டுக்குள் படுத்திருந்தவரின் நிலையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வெளியே என்ன நடக்கிறதென்று தெரியாது. பேச ஆளில்லை. வண்டி நின்றால் ஏன் நின்றது என்று சொல்லவும் யாருமில்லை. எங்கோ பல கிலோமீட்டர் தள்ளி, ஏதோ ஒரு நிலவறையில், திரையைப் பார்த்தபடி ஒருவர் இந்த வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்ற நம்பிக்கை ஒன்றுதான் துணை.

சரி, ஆம்புலன்ஸ் ஏன் போகவில்லை?

போக முடியாது என்பதுதான் பதில். மலிவான உதிரி பாகங்களில் செய்யப்படும் குட்டி ட்ரோன்கள் உக்ரைன் போரின் முகத்தையே மாற்றிவிட்டன. போர்முனையிலிருந்து 10, 15 கிலோமீட்டர் தூரத்துக்கு சாலையில் எது நகர்ந்தாலும் மேலிருந்து தெரியும். லாரி, ஜீப், சிவப்புச் சிலுவை போட்ட மருத்துவ வண்டி எதுவானாலும் அடி விழும். அதனால் முன்வரிசைப் பதுங்குகுழியில் இருப்பவர்களுக்குத் தண்ணீர், சாப்பாடு, பேட்டரி, தோட்டா எல்லாமே கடைசிச் சில கிலோமீட்டர் மனிதர்களின் முதுகில்தான் போகவேண்டியிருக்கிறது. காயம்பட்டவர்கள் திரும்புவதும் அதே வழிதான். ஒருவரைத் தூக்கிவர நான்கு பேர் வேண்டும். நான்கு பேர் சேர்ந்து நடந்தால் அது ட்ரோனுக்கு இன்னும் நல்ல குறி.

இதில் மருத்துவக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. கையிலோ காலிலோ பெரிய காயம் பட்டால் ரத்தம் வெளியேறாமல் இருக்க மேலே ஒரு பட்டியை இறுக்கிக் கட்டுவார்கள். 'டூர்னிக்கே' என்பது அதன் பெயர். உயிரைக் காப்பது அதுதான். இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவமனை போய்விட்டால் பெரும்பாலும் கை, காலுக்குச் சேதமில்லை. ஆறு மணி நேரம் தாண்டினால் பெரும்பாலும் உறுப்பையே எடுக்க வேண்டிவரும். அடிபட்டவரை ஒரு மணி நேரத்துக்குள் சிகிச்சைக்குக் கொண்டுசேர்ப்பது ராணுவ மருத்துவத்தின் பழைய இலக்கு. ஹெலிகாப்டர் பறக்க முடியாத, வண்டி ஓட முடியாத உக்ரைன் போர்முனையில் அந்த இலக்கு காணாமல் போய்விட்டது. நாள்கணக்கில் காத்திருந்தவர்கள் பலர். கட்டிய பட்டி உயிரைக் காப்பாற்ற, காத்திருப்பு காலைப் பறித்த கதைகள் அங்கே ஏராளம்.

ஆளில்லாத் தரை வாகனங்கள் திடீரென்று இவ்வளவு முக்கியமானதற்கு இதுதான் காரணம். புது விஞ்ஞானம் என்று பெரிதாக எதுவும் வந்துவிடவில்லை. வேறு வழியில்லாமல் போனது, அவ்வளவுதான்.

முழு கேஸ் சிலிண்டரோடு ஓட முடியுமா?

காலாட்படை வீரர் என்றதும் துப்பாக்கிதான் ஞாபகம் வரும். அவரைக் கேட்டால் முதலில் சுமையைத்தான் சொல்வார். குண்டு துளைக்காத உடை, தலைக்கவசம், துப்பாக்கி, தோட்டாக்கள், தண்ணீர், வயர்லெஸ், பேட்டரி, இரவில் பார்க்கும் கருவி, முதலுதவிப் பொருள்கள் என்று பட்டியல் நீளும். 2003-ல் ஆப்கானிஸ்தானில் அமெரிக்க வீரர்கள் உண்மையில் எவ்வளவு சுமக்கிறார்கள் என்று கூடவே நடந்து, எடைபோட்டுப் பார்த்தார்கள். சண்டை போடும்போது உடலில் இருப்பது சராசரியாக 28 கிலோ. முதுகுப் பையோடு நெடுந்தூரம் நடக்கும்போது 45 கிலோவுக்கும் மேல்.

28 கிலோ என்பது கிட்டத்தட்ட வீட்டுக்கு வரும் நிரம்பிய கேஸ் சிலிண்டரின் எடை. அதை உடம்பில் கட்டிக்கொண்டு மலை ஏற வேண்டும், குனிய வேண்டும், குண்டு வந்தால் ஓடவும் வேண்டும். உடல் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுமை ஏறக்கூடாது என்பது வெகு காலமாகச் சொல்லப்படும் அளவு. எந்தப் போரிலும் அது கடைப்பிடிக்கப்பட்டதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு புதுக் கருவியும் வீரரின் வேலையைச் சுலபமாக்கத்தான் வருகிறது. கூடவே ஒரு பேட்டரியையும் அவர் முதுகில் ஏற்றிவிடுகிறது.

இந்தச் சுமையை இறக்கிவைக்கத்தான் உக்ரைனின் சிறு நிறுவனங்கள் விதவிதமான வண்டிகளைச் செய்கின்றன. 'டெர்மிட்' என்றால் கரையான். ராணுவ டாங்கியைப் போல பட்டைச் சக்கரத்தில் ஊர்ந்து போகும் தட்டையான வண்டி. 300 கிலோ வரை சுமக்கும். 'தர்கான்' என்றால் கரப்பான்பூச்சி. 'ஸ்மீய்' என்றால் பாம்பு. அழகான பெயர் எதுவும் இல்லை. தரையோடு தரையாக ஊர வேண்டும், கண்ணில் படக்கூடாது, சத்தம் போடக்கூடாது, அதற்கேற்ற பெயர்கள்தாம். 2025-ல் மட்டும் இப்படி 15,000 வண்டிகளைப் போர்முனைக்கு அனுப்பத் திட்டமிட்டிருப்பதாக உக்ரைன் பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது.

பெரும்பாலும் இரவில்தான் கிளம்பும். ஓட்டுபவர் கையில் இருப்பது பிள்ளைகள் வீடியோ கேம் விளையாடுவார்களே, அதே மாதிரியான ஒரு கன்ட்ரோலர். மேலே பறக்கும் இன்னொரு ட்ரோன் வழிகாட்டும். பனி உருகிய காலத்தில் உக்ரைனின் கரிசல் மண் களிபோல ஆகிவிடும். வண்டி சேற்றில் புதைந்தால் இறங்கித் தள்ள ஆளில்லை. அங்கேயே விட்டுவிட வேண்டியதுதான். குழியில் கவிழ்பவை, கண்ணிவெடியில் சிதறுபவை, ட்ரோனுக்கு இரையாகுபவை எத்தனையோ. வண்டி தொலைந்தால் கணக்கில் எழுதி முடித்துவிடலாம். அந்த இடத்தில் ஒரு மனிதர் இருந்திருந்தால் வீட்டுக்குத் தகவல் சொல்லியாக வேண்டும்.

இவற்றின் பெரிய எதிரி வெடிகுண்டுகூட இல்லை, சிக்னல்! வீட்டின் பின்கட்டுக்குப் போனால் வைஃபை அறுந்துபோகிறதே, அதே தொல்லைதான். போர்முனையில் ஜாமர் வைத்து வேண்டுமென்றே அறுக்கவும் செய்வார்கள். ரஷ்யா 2018-ல் 'உரான்-9' என்ற பெரிய ஆயுத ரோபோவை சிரியாவுக்குக் கொண்டுபோய்ச் சோதித்தது. கட்டடங்களுக்கு நடுவே சில நூறு மீட்டர் போனதுமே தொடர்பு விட்டுவிட்டு அறுந்தது. ஆளில்லா வண்டி, ஓட்டுபவருடன் தொடர்பும் இல்லாவிட்டால் அது வெறும் இரும்பு.

இதற்கு உக்ரைனில் இப்போது கண்டிருக்கும் மருந்து, வண்டியையோ ட்ரோனையோ மெல்லிய கண்ணாடியிழைக் கம்பியால் கட்டிவிடுவது. கம்பி வழியே போகும் கட்டளையை ஜாமர் தடுக்க முடியாது. புதிய யோசனை மாதிரி தோன்றும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி 'கோலியாத்' என்ற குட்டி வண்டியை இப்படித்தான் கம்பியில் கட்டி அனுப்பியது. மேஜை உயரம்கூட இருக்காது. 60 கிலோவுக்கும் குறையாத வெடிமருந்தைச் சுமந்துபோய் டாங்கியின் அடியில் வெடிக்கும். 7,500-க்கும் மேல் செய்தார்கள். 1944 வார்சா எழுச்சியின்போது போலந்துப் போராளிகள் அதற்கு ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார்கள். தவழ்ந்து போய்க் கம்பியை வெட்டிவிடுவது!

தோட்டக் கடையில் கிடைத்த யோசனை

உயிரைக் காப்பதற்கென்றே வந்த முதல் பெயர்பெற்ற ரோபோ வண்டி பிறந்தது ஆய்வுக்கூடத்தில் அல்ல. வட அயர்லாந்தில் 1970-களின் தொடக்கத்தில் கார்களில் குண்டு வைக்கும் பழக்கம் பரவியது. அவற்றைச் செயலிழக்க வைக்கப் போன பிரிட்டிஷ் வீரர்கள் அடுத்தடுத்து செத்துக்கொண்டிருந்தார்கள். சந்தேகத்துக்குரிய காரை ஆள் போகாமலே இழுத்துவர ஏதாவது வழி வேண்டும். இந்தப் பொறுப்பு ஓய்வுபெற்ற டாங்கிப் படை அதிகாரி பீட்டர் மில்லரிடம் வந்தது.

அவருக்கு ஞாபகம் வந்தது, புல்வெட்டும் இயந்திரம். தோட்டப் பொருள்கள் விற்கும் கடைக்குப் போனார். இந்த வேலைக்கு மின்சாரத்தில் ஓடும் தள்ளுவண்டியின் அடிப்பாகம் சரியாக இருக்கும் என்று தெரியவந்தது. அதை வாங்கிவந்து கொக்கி மாட்டினார். 1972-ல் வேலைக்கு வந்த அந்த வண்டிக்குப் பெயரே 'வீல்பேரோ', அதாவது தள்ளுவண்டி. பிறகு கேமரா வந்தது. வெடிகுண்டின் இணைப்புகளைச் சிதறடிக்கும் நீர்ப்பீச்சும் வந்தது. பணியின்போதே ஏறக்குறைய 400 வீல்பேரோக்கள் அழிந்தன என்பது கணக்கு. அத்தனை முறை அந்த இடத்தில் ஓர் ஆள் நின்றிருக்க வேண்டும்.

இந்தியாவின் 'தக்‌ஷ்' இதே குடும்பம். புனேயில் உள்ள டி.ஆர்.டி.ஓ. ஆய்வகம் உருவாக்கியது. மாடிப்படி ஏறும், எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும், 20 கிலோ வரை தூக்கும். 2011-லிருந்து ராணுவத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் 'பேக்பாட்' இன்னொரு உறவு. வீட்டுத் தரையைத் தானே பெருக்கும் 'ரூம்பா'வைச் செய்த அதே ஐரோபாட் நிறுவனத்தின் தயாரிப்பு. ஆப்கானிஸ்தான் குகைகள், இராக் சாலைகள் என்று சுற்றி, 2011-ல் ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலைக்குள்ளும் போய்வந்தது.

இந்த பேக்பாட்களோடு இராக்கில் இருந்த அமெரிக்க வீரர்கள் பழகிய விதம்தான் யாரும் எதிர்பார்க்காதது. பெயர் வைத்தார்கள். பெட்டியில் எழுதினார்கள். பாக்தாத்தில் இருந்த ரோபோ பழுதுபார்க்கும் கூடத்துக்கு ஒரு வீரர் தன் 'ஸ்கூபி டூ'வைத் தூக்கிக்கொண்டு வந்தார். குண்டுவெடிப்பில் சிதைந்து போயிருந்தது. புதிது தருகிறோம் என்றார்கள். அவருக்குப் புதிது வேண்டாம், ஸ்கூபி டூதான் வேண்டும்.

அமெரிக்காவின் யூமா சோதனைத் தளத்தில் நடந்தது இன்னும் விசித்திரம். மார்க் டில்டன் என்ற விஞ்ஞானி, குச்சிப்பூச்சி போலப் பல கால்கள் கொண்ட ஒரு ரோபோவைச் செய்திருந்தார். வேலை, கண்ணிவெடிகளை மிதித்து வெடிக்கவைப்பது. ஒவ்வொரு வெடிக்கும் ஒரு கால் போகும். மிச்சமிருக்கும் கால்களோடு எழுந்து அடுத்த வெடியைத் தேடும். கடைசியில் ஒற்றைக் காலால் உடலை இழுத்துக்கொண்டு நகர்ந்தது. டில்டனுக்கு ஒரே மகிழ்ச்சி, கருவி சொன்னபடி வேலை செய்கிறதே! மேற்பார்வையிட்ட ராணுவ கர்னலால் பார்க்க முடியவில்லை. 'இது மனிதத்தன்மையற்ற செயல்' என்று சோதனையையே நிறுத்திவிட்டார்.

கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அந்தக் கர்னலைக் கேலி செய்ய மனம் வரவில்லை. போரையே தொழிலாகக் கொண்ட ஒருவருக்கு, இயந்திரம் நொண்டுவதைப் பார்க்கும்போதும் பதறுகிறது என்றால் அது நல்ல செய்திதான்.

துப்பாக்கி ஏறிய பிறகு

சுமக்கிற வண்டியின் மேல் ஒரு துப்பாக்கியைப் பொருத்த எத்தனை நேரம் ஆகும்? இந்தக் கேள்வி 2007-லேயே வந்துவிட்டது. 'ஸ்வோர்ட்ஸ்' என்ற பெயரில் இயந்திரத் துப்பாக்கி பொருத்திய மூன்று ரோபோக்களை அமெரிக்கா இராக்குக்கு அனுப்பியது. ஆனால் அவற்றை வீதியில் ரோந்து விட ராணுவத்துக்கே தயக்கம். சுடாமலே திரும்பின.

அந்தத் தயக்கம் இப்போது இல்லை. 2024 டிசம்பரில் உக்ரைனின் 'ஹார்தியா' படைப்பிரிவு, கார்கிவ் அருகே லிப்ட்ஸி பகுதியில் ஒரு தாக்குதலைத் தரை ரோபோக்களையும் ட்ரோன்களையும் மட்டுமே அனுப்பி நடத்தியது. 2025 ஜூலையில் இன்னொரு படைப்பிரிவு, ரஷ்ய வீரர்கள் தங்கள் ரோபோக்களிடமும் ட்ரோன்களிடமும் சரணடைந்ததாகச் சொன்னது. மனிதர்கள் மனிதர்களிடம் கை தூக்குவது தெரியும். இது வேறு.

இப்போதைக்கு, சுடுவதா வேண்டாமா என்பதைத் திரைக்குப் பின்னால் இருக்கும் ஒரு மனிதர்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறார். சிக்னல் அறுந்தால் வண்டியே முடிவெடுத்து வழியைக் கண்டுபிடிக்கட்டும் என்று மென்பொருள் எழுதுகிறார்கள். சுமை வண்டிக்கு அது வரம். காயம்பட்டவரை ஏற்றிவரும் வண்டிக்கு இன்னும் பெரிய வரம். அதே மென்பொருளைத் துப்பாக்கி வண்டியில் ஏற்றினால்? இரண்டுக்கும் நடுவே கோடு போட வேண்டும் என்றுதான் பல நாடுகள் கேட்கின்றன. 2023 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் தானியங்கி ஆயுதங்கள் பற்றிய கவலையைப் பதிவுசெய்த தீர்மானத்தை 152 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்தவை நான்கே நாடுகள். இந்தியாவும் ரஷ்யாவும் அந்த நான்கில் உண்டு. ஜெனீவாவில் ஏற்கெனவே பேச்சு நடக்கும்போது தனித் தீர்மானம் எதற்கு என்பது எதிர்த்தவர்கள் தரப்பு வாதம். ஐ.நா. பொதுச்செயலர் அந்தோனியோ குட்டரெஸ் இதற்கான ஒப்பந்தத்துக்கு வைத்த காலக்கெடு 2026.

ஆவடியும் இமயமலையும்

தமிழ்நாட்டுக்கும் இந்தக் கதையில் இடமுண்டு. சென்னையை அடுத்த ஆவடியில், அர்ஜுன் டாங்கியை உருவாக்கிய அதே டி.ஆர்.டி.ஓ. ஆய்வகம் 2017-ல் 'முந்த்ரா' என்ற ஆளில்லாக் கவச வாகனத்தைக் காட்டியது. கண்காணிக்க ஒன்று, கண்ணிவெடி தேட ஒன்று, அணுக்கதிர்வீச்சும் நச்சுக் கிருமிகளும் இருக்கும் இடத்தை உளவு பார்க்க ஒன்று என மூன்று வகை. ராஜஸ்தானின் மகாஜன் பாலைவனத்தில், வெயில் 50 டிகிரியைத் தாண்டும் இடத்தில் சோதித்தார்கள்.

ஆனால் இந்தியக் காலாட்படையின் நிஜமான தலைவலி பாலைவனமல்ல, மலை. சாலை முடியும் இடத்திலிருந்து மேலே உள்ள காவல் நிலைகளுக்கு அரிசி, மண்ணெண்ணெய், தோட்டா எல்லாம் கோவேறு கழுதைகளும் உள்ளூர் சுமைதூக்கிகளும்தான் கொண்டுபோகிறார்கள். ராணுவத்தில் கோவேறு கழுதைக்கு உள்ள மரியாதைக்குப் 'பெடோங்கி' ஒன்று போதும். 1971 போரில் அந்தக் கழுதையைப் பாகிஸ்தான் வீரர்கள் பிடித்துக்கொண்டுபோய்ச் சுமை ஏற்றினார்கள். ஒருநாள் முதுகில் இயந்திரத் துப்பாக்கியும் குண்டுப் பெட்டிகளும் இருக்க, எல்லை தாண்டி 20 கிலோமீட்டர் நடந்து இந்திய முகாமுக்கே திரும்பிவிட்டது என்பது ராணுவம் பெருமையோடு சொல்லிவரும் கதை. நீண்ட காலம் பணியாற்றிய ராணுவக் கழுதை என்று கின்னஸ் புத்தகத்திலும் இடம்பிடித்து, 1998-ல் இறந்தது. சிக்னல் கிடையாது, ஜி.பி.எஸ். கிடையாது, வழி தெரிந்திருந்தது. உலகத்துப் பொறியாளர்களெல்லாம் இப்போது எழுத முயன்றுகொண்டிருக்கும் மென்பொருள் அதுதான்.

அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையினர் இயந்திரக் கழுதையை முன்பே சோதித்துவிட்டார்கள். பாஸ்டன் டைனமிக்ஸ் செய்த 'எல்.எஸ்.3', 180 கிலோவைத் தூக்கிக்கொண்டு காடுமேடெல்லாம் நான்கு காலால் நடந்தது. தள்ளினாலும் விழாது. ஒரே குறை, அதன் பெட்ரோல் இன்ஜின் போட்ட இரைச்சல். 'எதிரிக்கு நாம் வருவதை அதுவே சொல்லிவிடும்' என்று 2015-ல் ஒதுக்கிவிட்டார்கள்.

இந்திய ராணுவம் வாங்கியிருப்பவை பேட்டரியில் ஓடும் நான்கு கால் ரோபோக்கள். 'மல்ட்டி யுட்டிலிட்டி லெக்டு எக்யுப்மென்ட்' என்ற நீளமான பெயரைச் சுருக்கினால் 'மியூல்', அதாவது கோவேறு கழுதை என்றே வரும்படி பெயர் வைத்திருக்கிறார்கள். 2025 ஜனவரி 15 அன்று புனேயில் நடந்த ராணுவ தின அணிவகுப்பில் வரிசையாக நடந்துபோயின. படி ஏறும், செங்குத்தான சரிவில் நடக்கும், மைனஸ் 40 டிகிரியிலிருந்து 55 டிகிரி வரை தாங்கும் என்கிறார்கள்.

அவை சுமப்பது சுமார் 15 கிலோ, அதாவது காலி சிலிண்டர் அளவு. பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கவும், முதல் ஆளாகக் குகைக்குள் நுழையவும் இது போதும். 14,000 அடி உயரக் காவல் நிலைக்கு ஒரு மாத ரேஷனை ஏற்ற இது போதாது. அந்த வேலையில் கழுதைகளும் சுமைதூக்கிகளும் இன்னும் இருக்கிறார்கள்.